கடுகில் பாதி

தன் சரக்கில் இருக்கும் குறையைத் தானே வலிய வந்து சொல்லுகிற வியாபாரியைப் பெரியவர் அதுவரை கண்டதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த தகவல் தாளைப் படித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. இவ்வளவு குறையை எழுதிக் கையில் கொடுக்கிறார்கள் என்றால், எழுதாமல் வைத்திருக்கிற குறை எவ்வளவு பெரிதாக இருக்கும்?

கடைவீதியில் அவரைப் பெரியவர் என்றும் அவருடைய தம்பியைச் சின்னவர் என்றும்தான் சொல்வார்கள். பட்டம் வயதைப் பார்த்து வந்ததல்ல. பெரியவருக்குத் தலைமுடி இன்னும் முக்கால்வாசி கறுப்பு. சாயம் என்று சொல்பவர்கள் எதிர்க்கடைக்காரர்கள். இருவருக்கும் கூட்டாக ஒரு இரும்புக்கடை. புதுக் கம்பியும் குழாயும் தகடும் விற்பார்கள். பழைய பித்தளை, செம்பு, உடைசல் எல்லாம் எடைக்கு எடுப்பார்கள். வாசலில் நின்று வாய் பேசுவது பெரியவர் பாடு. உள்ளே கல்லாவில் உட்கார்ந்து வாய் பேசாமல் இருப்பது சின்னவர் பாடு. அண்ணன் தம்பிக்குள் ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. கூட்டுத் தொழில் உடைந்துபோன வீடுகளில் இவர்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

பெரியவருக்குக் கொஞ்ச நாளாக இடது காதில் ஒரு ரீங்காரம். பக்கத்தில் யாரோ ஓயாமல் தகடு அறுக்கிற மாதிரி. அறுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் அந்தக் காதில் கேட்பதே மங்கிக்கொண்டு வந்தது. அவர் தொழிலுக்கு அது கையை வெட்டினது போல. வாங்க வந்தவர் வாய் திறந்து கேட்கும் விலை எல்லாம் வெறும் பேச்சு. அவர் திரும்பிப் பெண்டாட்டி காதில், "இதுக்குக் கீழ வரமாட்டான், எடுத்துடலாமா?" என்று முணுமுணுக்கிறாரே, அந்த ஒரு வரிதான் அசல். அந்த வரியைக் காற்றில் பிடித்துத்தான் பெரியவர் வீடு கட்டினார். இப்போது இடது பக்கம் முணுமுணுப்பவர்கள் எல்லாம் தப்பித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காது டாக்டர் வலது காதையும் இடது காதையும் மணி அடித்தும் கருவி மாட்டியும் சோதித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு காது மட்டும் இப்படி மங்கினா, உள்ள நரம்புல ஏதாவது கட்டி இருக்கான்னு பாத்துடணும். பெரும்பாலும் எதுவும் இருக்காது. இருந்தாலும் அது புற்றுநோய் வகை இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேன்ல தெளிவாத் தெரிஞ்சுடும்." சொல்லிவிட்டு அந்தத் தாளை நீட்டினார்.

பெரியவர் அங்கேயே படித்தார். ஸ்கேன் வலிக்காது. இயந்திரம் பெரும் சத்தம் போடும், காதை மூடிக்கொள்ளத் தருவோம். குழாய் போன்ற இடத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றுவோம். அந்த மருந்து மிக அரிதாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

"டாக்டர், மிக அரிதுன்னு போட்டிருக்கீங்க. எவ்வளவு அரிது?"

"ரொம்பவே அரிது."

"மிகவா, ரொம்பவேயா? ரெண்டுல எது கம்மி?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"இல்ல, நாலு பேரை இந்த ஸ்கேனுக்கு அனுப்பி வைக்கிறவன் நான். என் கடைக்குப் பக்கத்துலயே பத்துப் பேருக்குக் காது சரியில்லை. நம்ம ஆளுன்னு கொஞ்சம் அரிதாப் பாத்துப் போடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், "அண்ணே, ஆபத்தையுமா பேரம் பேசுவாங்க?" என்றார்.

"கேட்டுப் பாக்குறதுல என்னடா நட்டம்? அந்த ஆளு இறங்கவே இல்லை பாத்தியா. அசல் விலைதான் சொல்லியிருக்காரு."

ஸ்கேனுக்கு நாள் கிடைப்பது லேசாக இல்லை. கிடைத்த நாளன்று இருவரும் காலையிலேயே போய், காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சின்னவர் அண்ணனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார், கேட்கிற காதுப் பக்கமாக. தாளை விரித்து வைத்து வரி வரியாக வாசித்துக் காட்டினார். சின்னவர் அப்படித்தான். மருந்துச் சீட்டைக்கூட அச்சிட்டவர் முகவரி வரைக்கும் படிப்பார்.

"கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்னால் கட்டாயம் சொல்லுங்கள். இதயத்துல வைக்கிற கருவி, இல்லை. மூளையில கிளிப்பு, இல்லை. காதுக்குள்ள கருவி, இல்லை." விரலால் அடுத்த வரிக்கு வந்தார். விரல் நின்றது. "கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டிருந்தால்."

பெரியவர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவுவது எப்படி என்று ஆறு கட்டத்தில் போட்டிருந்தார்கள்.

"அண்ணே."

"டாக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்டா. நீ தண்ணி குடிக்கப் போயிருந்தே. அதான் அப்பவே முழுசா எடுத்தாச்சே, பரவாயில்லைன்னுட்டாரு."

வார்த்தை சுத்தமாக, இழுக்காமல், கூட்டாமல் வந்தது. பொய்யை அப்படித்தான் சொல்ல வேண்டும். நிறைய அளந்தால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். சின்னவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் பார்வை ஒரு தடவை அண்ணனுடைய வலது கண்ணுக்குப் போய்விட்டுத்தான் தாளுக்குத் திரும்பியது. எத்தனையோ வருஷமாகப் போய்வருகிற பழக்கப்பட்ட பாதை அது.

வாலிப வயதில், கடை தொடங்கிய புதிதில், கம்பி வெட்ட மெஷின் எல்லாம் கிடையாது. உளியும் சம்மட்டியும்தான். ஒருவர் கம்பி மேல் உளியை நட்டுப் பிடிப்பார், மற்றவர் சம்மட்டியை ஓங்கி அடிப்பார். அன்றைக்கு உளியைப் பிடித்தவர் பெரியவர், அடித்தவர் சின்னவர். அடித்து அடித்து உளியின் தலை காளான் மாதிரி விரிந்து விளிம்பெல்லாம் பிளந்திருந்தது. ஒரு அடியில் அந்த விளிம்பு தெறித்துப் பெரியவர் கண்ணில் பாய்ந்தது.

கண் டாக்டர் ஒரு இரும்புச் சில்லை வெளியே எடுத்தார். இன்னொரு பொடி விழியைத் தாண்டி ஓரத்துச் சதையில் போய் உட்கார்ந்துகொண்டது. தோண்டி எடுத்தால் வரும் கேடு, விட்டு வைத்தால் வரும் கேட்டைவிடப் பெரிது என்று டாக்டர் அதை அங்கேயே விட்டுவிட்டார். பார்வைக்கு ஒரு குறையும் வரவில்லை. "எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இதைச் சொல்லிடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் சின்னவர் சுவரோடு சுவராக உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தார். இருபது வயதுப் பையன். சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர், "முழுசா எடுத்துட்டாங்கடா, எழுந்திரு" என்றார். அன்றைக்குச் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. சின்னவர் அதற்குப் பிறகு சம்மட்டியைத் தொடவில்லை. கல்லாவில் போய் உட்கார்ந்தவர்தான்.

இதற்கு மேல் பெரியவரிடம் தொழில் வழியாக வந்த ஒரு சட்டமும் உண்டு. விற்கிற பொருளில் குறை இருந்தால், வாங்குகிறவன் கேட்டால் மறைக்கக் கூடாது, கேட்காவிட்டால் சொல்லக் கூடாது. கண்ணில் பொடி இருக்கிறதா என்று சின்னவர் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆகவே கணக்கு நேர். இத்தனை காலமும் அவர் அந்தக் கணக்கின் மேல் நிம்மதியாகத் தூங்கினார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உடை மாற்றும் சின்ன அறையில் ஸ்கேன் எடுக்கும் பெண் நின்றிருந்தாள். மகள் வயது இருக்கும். சட்டைப் பையில் குத்திய அட்டை, ஒரு கையில் சாவி, மறு கையில் பச்சைத் துணி அங்கி.

"ஐயா, இதைப் போட்டுக்குங்க. வாட்ச், பெல்ட், சாவி, செல்போன், உடம்புல உலோகம் எது இருந்தாலும் இந்தப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுங்க."

பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து கட்டை விரல் தண்டியில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்தார். பெட்டியின் கதவு தகரம். துண்டு அவர் கையிலிருந்து துள்ளிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்கு முகம் மாறியது. "காந்தமா? இதை ஏன்யா இங்க கொண்டுவந்தீங்க? உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தொழில் கருவிம்மா. நான் இரும்புக்கடை. பழைய பித்தளைன்னு ஒருத்தன் மூட்டை கொண்டுவருவான், மேல முலாம், உள்ள இரும்பு. வாயால கேட்டா சத்தியம் பண்ணுவான். இதைக் கிட்ட காட்டினாப் போதும்." ஒட்டியதைப் பிய்க்க அவர் கொஞ்சம் பலம் போட வேண்டியிருந்தது. "இது ஒண்ணுகிட்டதான் எவன் பேச்சும் எடுபடாது. ஆள் பாத்து விலை சொல்லாது."

"உள்ள இருக்கிறதும் இதே காந்தம்தான். என்ன, இதைவிடப் பல மடங்கு பலம். நிறுத்தி வைக்கவும் முடியாது, எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்." அவள் கதவின் கண்ணாடி வழியாகக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று, நடுவில் ஓட்டையோடு, குளித்துவிட்டு வந்தது போல் நின்றது இயந்திரம். "சரி, படுக்கிறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை கேட்டுடறேன். இதயக் கருவி, கிளிப்பு, குண்டுத் துண்டு ஏதாவது?"

"எதுவும் இல்லைம்மா."

"கண்ணுல இரும்பு பட்டிருக்கா? உங்க தொழில்ல அடிக்கடி நடக்குமே."

பெரியவர் வாயைத் திறந்தார். இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கையில் காந்தம் கனத்தது. பித்தளைத் தூள் வாங்கும்போது அதைப் பரப்பிவைத்து மேலே காந்தத்தை ஓட்டுவார். மஞ்சள் தூளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் இரும்புப் பொடி விருட்டென்று எழுந்து வந்து ஒட்டும். கூப்பிடவே வேண்டாம். மேலே எவ்வளவு தூள் கிடந்தாலும் அதைக் கிழித்துக்கொண்டு வரும். எத்தனையோ தடவை ரசித்துப் பார்த்த காட்சி. இப்போது நினைத்ததும் வலது கண் தானாகச் சுருங்கியது.

"எனக்கு இல்லைம்மா. பொதுவாத்தான் கேக்குறேன். ஒருத்தருக்குக் கண்ணு ஓரத்துல ஒரு சின்னப் பொடி இருக்குன்னு வெய்யி. அவரு இதுல படுக்கலாமா?"

"எவ்வளவு சின்னது?"

"கடுகுல பாதி."

"முடியவே முடியாது."

"கடுகுல கால்வாசி?"

"அதுவும் முடியாது."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். கண்ணுக்கே தெரியாத தூசி."

அந்தப் பெண் அங்கியை மேசையில் வைத்தாள். "ஐயா, நீங்க பொடியைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க. நான் அதே இடத்துலதான் நிக்கிறேன். அந்த ஒருத்தர் யாரு?"

"சொந்தக்காரர்."

"நெருங்கின சொந்தமா?"

"ரொம்ப நெருக்கம்." பெரியவர் காந்தத்தைப் பெட்டிக்குள் வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்குவோம்."

அவள் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. எப்போ பட்டது?"

பெரியவர் உட்கார்ந்தார். கேட்டால் மறைக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். உளி, சம்மட்டி, கண் டாக்டர், சதைக்குள் தங்கிய பொடி என்று எல்லாவற்றையும் சொன்னார். தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, கேட்காததற்கும் சேர்த்து அளந்து கொடுத்தது.

"நல்லவேளை சொன்னீங்க. காந்தம் இழுத்தா அந்தப் பொடி நகரலாம். நகர்ந்தா கண்ணைக் கிழிச்சுடும். ஸ்கேன் இப்போ வேணாம். முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பொடி இருக்கான்னு பாப்போம். வெளிய கூடத்தைத் தாண்டிப் போனா மூணாவது கதவு. நான் போன்ல சொல்லிடறேன்."

கூடத்தைத் தாண்டி என்றால் சின்னவரைத் தாண்டி.

பெரியவர் காந்தத்தை மட்டும் பெட்டியில் விட்டுவிட்டு, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். சின்னவர் எழுந்து நின்றார். அண்ணன் கையிலிருந்த வாட்சை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"என்னண்ணே, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்லலாம். கரண்ட் இல்லை என்று சொல்லலாம்; தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். அலமாரியில் சரக்கு வகைவகையாக இருந்தது. எடுக்கத்தான் கை போகவில்லை.

"உக்காருடா" என்றார். தம்பிக்குப் பக்கத்தில், இந்தத் தடவை முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். "கண்ணுல ஒரு பொடி இருக்கு. அன்னைக்கிலேருந்து இருக்கு. அதோட அந்த மெஷினுக்குள்ள போக முடியாதாம்."

சின்னவர் அண்ணனுடைய வலது கண்ணைப் பார்த்தார். நீட்டிய கை மெதுவாக மடிக்கு வந்தது.

"முழுசா எடுத்துட்டாங்கன்னீங்க."

"பெருசை முழுசா எடுத்தாங்கடா. நான் சொன்னதுல பாதி நிஜம்."

"பாதி எடை போட்டுக் குடுத்துட்டு முழு பில்லு எழுதினா, நம்ம கடைத்தெருவுல அதுக்கு வேற பேரு அண்ணே."

"உன் மூஞ்சியைப் பாத்துட்டு வேற என்னடா சொல்றது? ரெண்டு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலை நீ. இன்னும் ஒண்ணு உள்ள இருக்குன்னு சொல்லியிருந்தா கடைப் பக்கமே வந்திருக்க மாட்டே."

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு சொன்ன பிறகும் நான் சம்மட்டியைத் தொடலை. ராத்திரி கண்ணை மூடினா அந்த அடி கேக்கும். இப்பவும் உங்க கண்ணு கொஞ்சம் சிவந்தா எனக்குச் சோறு இறங்காது." சின்னவர் குரல் ஏறியது. "அப்போ அந்தப் பொய்யால என்னதான் லாபம்? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் யோசித்துப் பார்த்தார். சத்தியமாக ஒரு பைசா லாபம் தெரியவில்லை. இத்தனை வருஷம் பூட்டிப் பாதுகாத்த சரக்கு, ஒரு தடவைகூட விலை போகாத சரக்கு. அவர் வியாபாரத்தில் அப்படி ஒன்றை இரண்டாம் நாளே உடைசல் விலைக்குத் தள்ளியிருப்பார்.

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையேடா."

"கேட்டாத்தான் சொல்லணும்னா, நான் என்ன வாசல்ல வந்து நிக்கிற கிராக்கியா?"

அது சுருக்கென்று தைத்தது. அதற்குள் சின்னவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நானும் ஒண்ணு கேக்காமலே சொல்றேன். அந்த உளி. தலை பிளந்துபோச்சு, வேற உளி எடுக்கலாம்னு நான் சொன்னேன். 'வாசல்ல வண்டி நிக்குது, பேசாம அடிடா'ன்னு கத்தினது யாரு?"

"நான்தான்."

"ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"எனக்கும் இருக்கு! அடிச்சவன் நான், பாவி நான், அதனால வாயைத் திறக்க முடியலை. கண்ணைக் கெடுத்துட்டு உளியைக் குறை சொல்றான்னு ஆயிடுமேன்னு அடக்கிக்கிட்டே இருந்தேன். நீங்க பித்தளை வெலையைத் தப்பாப் போட்டப்பகூட நான் வாயைத் திறக்கலை!"

"அதை எப்போடா தப்பாப் போட்டேன்?"

"எத்தனையோ தடவை!"

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கால் கட்டோடு சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் வசதியாகப் பார்ப்பதற்கு நாற்காலியையே திருப்பிக்கொண்டார். வரவேற்பு மேசையிலிருந்து ஒரு அம்மாள், "சார், இது ஆஸ்பத்திரி. கொஞ்சம் மெதுவா" என்றாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் பெரியவர். "ரொம்ப நாளாப் போட வேண்டிய சண்டை. இப்பத்தான் நேரம் கிடைச்சுது."

சின்னவர் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அழவில்லை. தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கி, மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார்.

"வண்டியாவது" என்றார் பெரியவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் நின்னா நின்னுட்டுப் போவுது. என் அவசரம்டா அது. உன் அடி இல்லை."

சின்னவர் அண்ணனுடைய வாட்சை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார். பிறகு, "மூணாவது கதவுதானே, வாங்க" என்று அண்ணன் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

எக்ஸ்ரே எடுக்கக் கண் சிமிட்டும் நேரம் கூட ஆகவில்லை. படத்தைப் பார்க்க ஸ்கேன் எடுக்கும் பெண்ணும் வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் மண்டை ஓடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பெரியவருக்குத் தன் மண்டையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே ஒன்றும் இல்லாதது மாதிரி இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வலது கண் குழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, அவ்வளவு வெளிச்சமாக.

"ஐயா" என்றாள் அவள், திரையில் அளவு பிடித்துப் பார்த்துவிட்டு. "பாதியில ஆரம்பிச்சு தூசி வரைக்கும் வந்தீங்களே. இது முழுக் கடுகு."

"நான் எடை போட்டுப் பாத்ததில்லைம்மா."

சின்னவர் திரைக்குக் கிட்டே போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் புள்ளியையே பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் கேட்ட அந்தச் சம்மட்டிச் சத்தம் இந்தப் புள்ளிக்குள்தான் குடியிருந்ததா என்று பார்ப்பவர் போல. கடைசியில், "இவ்வளவுதானா?" என்றார். வேறு யாரிடமும் இல்லை, புள்ளியிடம்.

காது டாக்டர் படத்தைப் பார்த்ததும் எம்ஆர்ஐயை ரத்து செய்தார். "பொடி இருக்கிற வரைக்கும் அந்த ஸ்கேன் உங்களுக்குக் கிடையாது. சிடி ஸ்கேன் எடுக்கலாம். அதுல காந்தம் இல்லை, எக்ஸ்ரே மாதிரிதான். ரொம்பச் சின்னக் கட்டின்னா அதுல தப்பிச்சுடலாம், பெருசா இருந்தாத் தெரியும். மீதியைக் காதை அப்பப்போ சோதிச்சுப் பாத்துக்குவோம். இந்தாங்க" என்று இன்னொரு தாளை நீட்டினார்.

பெரியவர் அதை வாங்கவில்லை. தம்பி பக்கம் கை காட்டினார்.

மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலி. சின்னவர் தாளை விரித்தார். குரலில் இப்போது ஒரு அதிகாரம் வந்திருந்தது, சுங்கச்சாவடியில் நிற்பவர் மாதிரி. "சாய மருந்து ஏற்றுவதற்கு முன்னால் கேட்கப்படுபவை. ஒவ்வாமை உண்டா?"

"இப்போதைக்கு உன் குரல்தான்."

"அண்ணே."

"இல்லைடா. உண்மையாவே இல்லை."

"சிறுநீரகக் கோளாறு?"

"இல்லை."

"சர்க்கரை?"

பெரியவர் கை கழுவும் படத்தைப் பார்த்தார். ஆறு கட்டத்தையும் பார்த்தார். பிறகு திரும்பினார். "கொஞ்சம் இருக்கு. போன தடவை ரத்தம் குடுத்தப்போ சொன்னாங்க. மாத்திரை போடுறேன்."

"எங்க வெச்சுப் போடுறீங்க? நான் பாத்ததே இல்லையே."

"கடையில. பழைய ஆணி டப்பாவுல."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவ கேக்கலை."

சின்னவர் தாளை மடித்து அண்ணனின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே. பிறகு எழுந்து போய் அந்த மாத்திரையின் பெயரை ஸ்கேன் அறையில் சொல்லிவிட்டு வந்தார். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, மருந்தேற்றலாம் என்று சொல்லி, பிற்பகலில் சிடி ஸ்கேனை எடுத்து முடித்தார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாக இருக்கும் என்று தாளில் போட்டிருந்தது, இருந்தது. பெரியவர் படுத்த வாக்கிலேயே அந்தத் தாளுக்கு மனதுக்குள் ஒரு மதிப்புக் கொடுத்தார். சொன்ன சரக்கு சொன்னபடி வந்திருக்கிறது.

கிளம்பும்போது ஸ்கேன் எடுக்கும் பெண் பெட்டியைத் திறந்து காந்தத்தைக் கொடுத்தாள். பெரியவர் கை நீட்டுவதற்குள் சின்னவர் வாங்கிக்கொண்டார்.

"இதையா இத்தனை வருஷமாச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு இருந்தீங்க? இதுக்கும் கண்ணுக்கும் ஒரு முழம் இருக்குமா?"

"இது சின்னதுடா. அவ்வளவு இழுக்காது."

"மறுபடியும் குறைக்காதீங்க" என்று சின்னவர் அதைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் இந்தத் தடவை சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் காது டாக்டர், பெரிய கட்டி எதுவும் தெரியவில்லை என்றார். போன கேட்கும் சக்தி திரும்பாது, கருவி வைத்துக்கொண்டால் ஓரளவு கேட்கும் என்றும் சொல்லி, கருவியைப் பற்றி ஒரு தாள் கொடுத்தார். சின்னவர் அதை வழியிலேயே படித்து முடித்தார்.

மறுநாள் கடை திறந்தபோது சின்னவர் கல்லாவில் உட்காரவில்லை. பழைய உளிகளை எல்லாம் தேடி எடுத்து, தலை விரிந்தவற்றை உடைசல் குவியலில் எறிந்தார். பிறகு வாசலுக்கு வந்து, பையில் காந்தத்தோடு, அண்ணனுக்கு இடது பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னடா?"

"கல்லாவைப் பூட்டியாச்சு. கருவி வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

குழாய் வாங்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பெரியவர் விலை சொன்னார். கணவர் ரொம்ப அதிகம் என்றார். பெரியவர் நெஞ்சில் கை வைத்து, வாங்கின விலையே அதுதான் என்றார். கணவர் போவது போல் ஒரு அடி எடுத்து வைத்தார். வழக்கமான வாத்தியம் எல்லாம் முறையாக வாசித்து முடிந்த பிறகு, மனைவி பெரியவருக்கு இடது பக்கமாகத் திரும்பிக் கணவர் காதில் என்னவோ முணுமுணுத்தாள். பெரியவருக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. கண்ணை மெல்லத் தம்பி பக்கம் ஓட்டினார்.

சின்னவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. ஆனால் வாசல் வியாபாரம் அவருக்குப் புதிது.

"இன்னும் கொஞ்சம் குறைச்சா எடுத்துடலாம்னு சொல்றாங்க அண்ணே" என்றார், கடைவீதிக்கே கேட்கும்படி. "அது சரியாத்தான் இருக்கு. நம்ம வாங்கின விலை அதைவிடக் கம்மிதானே?"

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து நின்றார்.

பெரியவர் நெஞ்சில் வைத்த கையை எடுத்தார். "எடுத்துக் கட்டிக் குடுடா" என்றார்.